குழுவில் போட்ட பட்டியல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். யாருக்கு எந்த ஷிப்ட், யார் எந்த இடத்தில் கம்பெனி பஸ் ஏறுவார்கள் என்பதெல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பேக்கிங் பிரிவில் ஒரு பெண் சேர்ந்தாள். ஆரம்பாக்கத்தில் வாடகை வீடு; கூடவே பள்ளிக்கூடம் போகும் மகள். படிவத்தைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அண்ணா, எங்க ஊட்டுக்காரரு அடி தாங்காமத்தான் ஓடியாந்துட்டேன். இந்த நம்பரும் விலாசமும் எங்க அக்காவுக்கு மட்டுந்தான் தெரியும். யார் கேட்டாலும் குடுத்துடாதீங்கணா."

"இங்கேர்ந்து ஒண்ணும் வெளிய போவாதும்மா, தைரியமா இரு" என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மழைக்காலத்தில் பஸ் நேரம் மாறியது. காலையிலிருந்து ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்டார்கள். பேஜாராகிப்போய், முழுப் பட்டியலையும் அப்படியே தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பெயர், போன் நம்பர், ஏறும் இடம், வீட்டு விலாசம் எல்லாம் அதில் இருந்தன. வேலையை விட்டுப் போனவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்களை நீக்குவது என் வேலை. நான் நீக்கியதே இல்லை. அவளிடம் இருந்தது பட்டன் போன் என்பதால் அவள் அந்தக் குழுவில் இல்லை.

ஒரு வாரம் கழித்து, காலை ஷிப்டுக்கு வந்தவள் நேராக என் மேஜைக்கு வந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் புருஷன் காத்திருந்தானாம். மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். கூட இருந்த பெண்கள் சத்தம் போட்டு விரட்டியிருக்கிறார்கள்.

"யாராச்சும் என்ன விசாரிச்சிக்கினு வந்தாங்களாணா?"

"யாரும் வரலியேம்மா."

"அப்ப எப்படித் தெரிஞ்சிது?"

குழுவில் போட்ட பட்டியல் யார் மூலமாகவோ அவன் கைக்குப் போயிருக்கிறது என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனாலும், "எனக்கு இன்னாம்மா தெரியும்? உங்க சொந்தத்துலயே யாராச்சும் சொல்லியிருப்பாங்க" என்றேன்.

அவள் போனதும் குழுவைத் திறந்து பட்டியலை அழிக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் என் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடிந்தது.

மறுநாள் கேன்டீனில் அவளே சொன்னாள். "எங்க அக்காதாணா சொல்லியிருக்கா. இனிமே உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

பக்கத்திலிருந்தவரின் போனை வாங்கி, பட்டியலில் அவள் பெயர் இருந்த வரியைக் காட்டினேன். "நாந்தாம்மா போட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அந்த வரியைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நேத்தே சொல்லியிருக்கலாமேணா. அவள நான் இன்னான்னா பேசிட்டேன் தெரியுமா?"

அன்று மதியமே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எனக்கு மெமோ வந்தது. குழுவையே கலைத்தோம். அவளோடு மகளிர் காவல் நிலையத்துக்கும் போனேன். புருஷனைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். இருந்தாலும் அவளுக்கு அந்த ஊரில் இருக்கப் பயம். அந்த மாதமே வேலையை விட்டாள்.

அடையாள அட்டையை ஒப்படைக்க வந்த அன்று, அவளோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். அக்கா என்று முகஜாடையே சொன்னது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"நாந்தாங்க" என்றேன். தங்கையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அக்கா முன்னால் நடந்தாள்.