தோற்கக் கற்றுக்கொடுத்த மாஸ்டர்

கொடைக்கானல் கடைவீதியில் இருந்த எங்கள் அத்தாவின் பலசரக்குக் கடைக்குள், உருளைக்கிழங்கு மூட்டையின் மண்வாசனையையும் மண்ணெண்ணெய் வாடையையும் அமுக்கிக்கொண்டு யூகலிப்டஸ் தைலத்தின் நெடி முதலில் வரும்; அதற்குப் பின்னால்தான் ஞானதுரை மாஸ்டர் வருவார். நெற்றியில், மூக்கில், கழுத்தைச் சுற்றிய கம்பளி மப்ளரில் என்று எங்கும் தைலம் பூசியிருப்பார். மலைக்கு மேலே இருந்த மிஷன் கல்லூரியின் ஃபுட்பால் குழுவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்டிவைத்த மனிதர். ஊர் அவரைக் ‘கேம்ஸ் மாஸ்டர்’ என்று மரியாதையாகச் சொல்லும். எனக்கு அந்த மரியாதை அன்றும் இல்லை, இந்தத் தள்ளாத வயதிலும் வரவில்லை.

மோட்டார் பாதை போடுவதற்கு முன்பே அவர் மலைக்கு வந்துவிட்டவர். அப்போதெல்லாம் அடிவாரத்திலிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆள் சுமக்கும் நாற்காலியிலோதான் ஏறி வரவேண்டும். பையன்களுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பதற்கென்று அமர்த்தப்பட்ட வாட்டசாட்டமான வாலிபர் நாலு கூலியாட்களின் தோளில் உட்கார்ந்துகொண்டு மலையேறினார் என்று அத்தா சொல்வார். “அன்னிக்கு ஒக்காந்தவரு, இன்னும் எந்திரிக்கல” என்பார் அம்மா, அடுப்படியிலிருந்தே.

அம்மா சொன்னதில் மிகை ஏதும் இல்லை. மைதானத்தின் ஓரத்தில் அவருக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கும். மடியில் கம்பளி விரித்து, கையில் பிரம்பும் வாயில் விசிலுமாக அதில் சாய்ந்திருப்பார். பையன்கள் வெறுங்காலுடன் பனி ஈரத்தில் வழுக்கி விழுந்து, முழங்கால் உரிந்து, தோல் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். எப்போதாவது பந்து அவர் பக்கம் உருண்டு வந்தால் காலால் தொடமாட்டார். செத்த எலியைத் தள்ளுவதுபோலப் பிரம்பு நுனியால் தள்ளிவிடுவார். ஃபுட்பாலைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: “ஆட்டம்னா ஒழுக்கம்லே. ஒழுக்கம்னா பெரியவங்க மனசு கோணாம நடக்குறது.”

அந்தப் பெரியவர்கள் யார் என்பது மே மாதத்தில் தெரியும். ‘சீசன்’ வந்ததும் சமவெளியின் வெயிலுக்குப் பயந்து துரைமார்கள் மலைக்கு வந்து குவிவார்கள். ஏரியில் படகு விடுவார்கள், டென்னிஸ் ஆடுவார்கள், ஒருநாள் எங்கள் கல்லூரிப் பையன்களுடன் ஃபுட்பால் ஆடுவார்கள். அதற்கு ஊரில் ‘துரைமார் மேட்ச்’ என்று பெயர். குடை கட்டிய நாற்காலிகளில் துரைசானிகள் உட்கார்ந்திருக்க, கடைவீதி மொத்தமும் மேட்டுச் சரிவில் கூடி நிற்கும். ஒவ்வொரு வருஷமும் கல்லூரி ஒரே ஒரு கோலில் தோற்கும். அதிகமாகத் தோற்றால் துரைமார்களுக்கு ஆட்டம் சப்பென்று போய்விடும். ஜெயித்துவிட்டாலோ வானம் இடிந்து விழும். அதனால் ஒரு கோல். இதுதான் ஞானதுரை மாஸ்டர் தம் வாழ்நாளில் கண்டுபிடித்த ஆட்ட நுணுக்கம். ஆட்டம் முடிந்ததும் துரைமார்கள் அவருக்கு ஒரு பிஸ்கட் டின்னோ பழைய கோட்டோ கொடுப்பார்கள். அந்தக் காலி டின்களை அவர் வீட்டு முன்னறையில், மற்றவர்கள் வெற்றிக் கோப்பைகளை அடுக்குவதுபோல அடுக்கி வைத்திருந்தார்.

என் அண்ணன் காசிம் இன்டர்மீடியட் சேர்ந்த வருஷம் எனக்குப் பத்து வயது இருக்கும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எதையாவது உதைத்துக்கொண்டே போகிறவன் அவன். கடையில் உருளும் கிழங்கு, பேரிக்காய், அம்மாவின் நூல்கண்டு என்று எதுவும் அவன் காலுக்குத் தப்பாது. சாக்கைச் சுருட்டிக் கட்டிய பந்தை என் பக்கம் தள்ளி, “எங்கிட்டருந்து பறி பாப்போம்” என்பான். நான் அழும்வரை பறிக்க விடமாட்டான், அழுதால் உடனே விட்டுக்கொடுப்பான். கல்லூரிக் குழுவில் அவனை நடு முன்வரிசையில் நிறுத்தினார்கள். மாஸ்டர் அவனுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. அவரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவும் இல்லை.

துரைமார் மேட்ச்சுக்கு முதல் வாரம் மாஸ்டர் கடைக்கு வந்தார்.

“ராவுத்தரே, ஒங்க மகன் ‘இந்த வருஷம் செயிச்சுக் காட்டுறேன்’னு பையங்ககிட்டப் பேசிட்டுத் திரியுறானாம். கண்டிச்சு வையும்.”

அத்தா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வெளயாட்டுன்னா செயிக்கத்தானங்க வெளயாடுவாங்க?”

“அது ஒமக்குப் புரியாது. காலேஜோட மானம் இருக்கு.”

“தோத்தாத்தான் மானமா? எனக்கு நெசமாவே புரியலங்க மாஸ்டர்” என்றார் அத்தா, பணிவு குறையாமல்.

மேட்ச் அன்று நான் வெள்ளனே போய்ச் சரிவில் இடம் பிடித்திருந்தேன்; மாஸ்டரின் நாற்காலி எனக்கு நேர் கீழே. ஆட்டத்தைப் பாதிரியார் ஒருவர் நடத்தினார். துரைமார் குழுவின் தலைவர் மதுரை ஜில்லாவில் வெகுகாலம் உத்தியோகம் பார்த்தவர். நன்றாகத் தமிழ் பேசுவார். முதல் பாதியிலேயே வழக்கப்படி கோல் விழுந்தது. எங்கள் கோல்கீப்பர் பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதைச் சரிவில் இருந்த குழந்தைகள்கூடப் பார்த்தோம். மாஸ்டர் கை தட்டினார். தம் பையன்கள் கோல் வாங்கியதற்குக் கை தட்டிய மாஸ்டரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாம் பாதியில் ஏரிப் பக்கமிருந்து மேகம் இறங்கத் தொடங்கியபோது பந்து காசிமிடம் வந்தது. அவன் ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான். பூட்ஸ் கால்களுக்கு நடுவே அந்த வெறுங்கால் பந்தோடு பேசிக்கொண்டே போவதுபோல இருந்தது. கோலுக்கு முன்னால் காவல்காரத் துரை ஒருவர்தான் மிச்சம். அப்போதுதான் ஞானதுரை மாஸ்டர் ஓடியதை என் ஆயுளில் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். கம்பளி தரையில் விழ, கோட்டு பறக்க, கோட்டோரமாக ஓடிக்கொண்டே கத்தினார்:

“ஏலே காசிம்! விட்ருலே! வெளிய அடிலே!”

மைதானம் முழுவதும் கேட்டது. காசிம் உள்ளே அடித்தான்.

சரிவில் நின்ற கடைவீதி போட்ட கூச்சலில் ஏரிக்கரையில் மேய்ந்த குதிரைகள் மிரண்டன. அதற்குப் பிறகு மற்றப் பையன்களையும் பிடிக்க முடியவில்லை. இத்தனை நாள் அவர்கள் கால்களில் கட்டியிருந்த எதையோ காசிம் அவிழ்த்துவிட்டதுபோல ஓடினார்கள். மேகம் மைதானத்தை மூடுவதற்குள் அவனே இன்னொன்றும் போட்டான். கல்லூரி ஜெயித்தது.

வானம் இடிந்து விழவில்லை. துரைமார் தலைவர் மூச்சிரைக்க வந்து காசிமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சரிவிலிருந்து இறங்கி அண்ணனிடம் ஓடியபோது மாஸ்டர் அங்கே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பையன்கள் மரியாதை தெரியாதவர்கள், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். துரையின் முகம் மாறியது. அவர் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, எல்லாருக்கும் புரியும்படி தமிழில் கேட்டார்:

“வெளியே அடி என்று நீ கத்தினதைக் கேட்டேன். இத்தனை வருஷமும் எங்களுக்குப் பிச்சையா போட்டாய்?”

மாஸ்டர் வியர்வையில் தைலம் வழிய, அடிபட்டவர்போல விழித்தபடி நின்றார். துரை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அடுத்த சீசனிலிருந்து துரைமார் மேட்ச் நடக்கவே இல்லை.

துரையிடம் காட்ட முடியாத கோபத்தை அவர் ராவுத்தர் மகனிடம் காட்டினார். காசிம் முரட்டு ஆட்டம் ஆடினான், கெட்ட வார்த்தை பேசினான் என்று மேலே சொல்லி அவனைக் கல்லூரியிலிருந்தே விலக்கவைத்தார். அத்தா அண்ணனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்து, “அவன் என் கால்ல விழட்டும், யோசிக்கிறேன்” என்றாராம்.

“நாங்க அல்லாவுக்கு மட்டுந்தாங்க விழுவோம்” என்று சொல்லிவிட்டு அத்தா மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அன்று அம்மா வைத்த சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. படித்து இன்ஜினியராக வேண்டும் என்று இருந்த அண்ணன் அடுத்த மாதமே கீழ்மலையில் இருக்கும் பண்ணைக்காட்டுக்கு இறங்கி, எங்கள் மாமாவின் காப்பி, மிளகு வியாபாரத்தில் சேர்ந்துகொண்டான். பஸ் ஏறும்போது, “அழாத, ஆயிஷா. சோலி எங்க இருந்தா என்ன?” என்று என்னிடம் சிரித்தான். பந்தாட்டத்தை அதன்பின் அவன் தொடவில்லை.

மாஸ்டருக்கு ஒரு குறையும் வரவில்லை. யுத்தம் வந்தது, போனது; சுதந்திரமும் வந்தது. துரைமார்கள் கொடுத்த கோட்டைக் கழற்றிக் கதர் ஜிப்பா போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது கல்லூரி பெரிய விழா எடுத்தது. பழைய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அழைப்புப் போனது. காசிமைக் கட்டாயம் வரவேண்டும் என்று ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். எதற்கென்று எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மாஸ்டர் மாலையும் கழுத்துமாகப் பேசியதைக் கேட்டேன்.

“வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துலயே அவனைச் செயிக்கக் கத்துக்குடுத்தவன் நான். கோட்டோரமா ஓடிக்கிட்டே, ‘விடாதலே காசிம், உள்ள அடிலே’ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். அந்தப் பிள்ளை இங்கதான் இருக்கான்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அண்ணனை மேடைக்கு ஏற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் கூட்டத்தைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான்.

“மாஸ்டர் கத்துனது நெசந்தாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

அவ்வளவுதான் சொன்னான். பழைய ஆட்டக்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்தார், இன்னொருவர் சிரித்தார், அந்த வரிசையே குலுங்கியது. விஷயம் தெரியாத மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார், எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே.

வீட்டுக்கு நடக்கும்போது நான் அண்ணனிடம் சண்டை பிடித்தேன். “எல்லார் முன்னாலயும் ஒடச்சுச் சொல்லிருக்க வேண்டியதுதான? அந்த மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்திருக்கலாம்ல?”

“அத நான் அன்னிக்கே பாத்துட்டேன் ஆயிஷா. ஒரு தடவ பாத்தது போதும்” என்றான்.

அவனுக்குப் போதும், எனக்குப் போதவில்லை. அந்த மைதானத்தில் இன்று சுற்றுலா வண்டிகள் நிற்கின்றன. சரிவு முழுவதும் விடுதிகள். துரைமார்கள் இல்லை, அத்தாவின் கடை இல்லை, சிரித்த அந்த வரிசையில் ஒருவரும் இல்லை. போன மழைக்காலத்தில் அண்ணனும் போய்விட்டான். போன மாதம் கல்லூரியில் படித்த யாரோ ஒருவருடைய பேரன் வந்து, ஞானதுரை மாஸ்டரைப் பற்றி நினைவிருப்பதைச் சொல்லுங்கள் பாட்டி, நல்லதாக ஏதாவது, என்று கேட்டான். பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது என்பதால் வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். பிறகு அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.