நாலு மணிப் பேய்

அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஆனாலும் அந்த முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் அவள் சின்னக்காதான். பெரியக்கா என்று ஒருத்தி இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பெரியக்கா ஓய்வு பெற்றுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போவேனா என்கிறது. இரண்டாவது மாடியில் பன்னிரண்டு கட்டில்கள் அவள் பொறுப்பு. விரிப்பு மாற்ற வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், புரண்டு படுக்க முடியாதவர்களைப் புரட்டிவிட வேண்டும், ஒரே கேள்விக்கு ஏழு தடவை பதில் சொல்ல வேண்டும். டிசம்பர் பிறந்தால் ஊழியர்களில் பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவார்கள். மிச்சப் பாதிக்கு இடுப்பு ஒடியும். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது என்று ஊரே விளக்குப் போட்டு மினுக்கும்போது, சின்னக்காவுக்கு அதைச் சொல்வது வீங்கிய கணுக்கால்கள்தான்.

அந்த மாதத்தில் அவள் உட்காருவது மாலை நாலிலிருந்து நாலரை வரை மட்டும்தான். அப்போதும் சும்மா உட்கார முடியாது, வாசித்துக் காட்ட வேண்டும். எப்போதோ அங்கே இருந்து இறந்துபோன ஒருவர் விட்டுப்போன தடிப் புத்தகம், முழுக்கக் கிறிஸ்துமஸ் பேய்க் கதைகள். அட்டை எப்போதோ போய்விட்டது. கிழிந்த பக்கங்களைக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் ஒட்டி வைத்திருந்தாள். கதைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. வெளியே பனி, உள்ளே விருந்து, மாடிப்படியில் ஈரக் காலடி. இல்லாவிட்டால் யாரும் அனுப்பாத ஒரு பரிசுப் பெட்டி.

ஒரு தடவை மே மாதத்தில் படித்துப் பார்த்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரான, ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய டீச்சரம்மா குறட்டை விட்டார். டிசம்பரில் அதே கதைக்கு அதே டீச்சரம்மா போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொள்வார். காரணம் பெரிய ரகசியமில்லை. அந்த மாதத்தில் தொலைக்காட்சி, வாழ்த்து அட்டை, வரவேற்பறை மரம் எல்லாம் சேர்ந்து சிரி சிரி என்று உயிரை வாங்கும். சிரிக்கச் சொல்லாதது இந்தப் புத்தகம் ஒன்றுதான். பயந்து முடித்தவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். சின்னக்காவுக்கு அது போதும்.

இந்த வருடம் புது மேனேஜர் வந்தாள். சின்ன வயசு, நல்ல மனசு, கையில் எப்போதும் ஒரு ஃபைல். யாரோ ஒருவருடைய மகள், அம்மா போனில் பேய் பிசாசு என்று பேசுகிறாள் என்று புகார் எழுதிவிட்டாள். மேனேஜர் சின்னக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பண்டிகை நேரத்தில் மனசுக்கு இதமாகப் படித்தால் என்ன என்று கேட்டாள். தங்க எழுத்து அட்டை போட்ட புத்தகம் ஒன்றையும் கொடுத்தாள். சின்னக்காவின் ஒப்பந்தம் வருடக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கிற தாள் தன் மேஜையில்தான் இருக்கிறது என்பதையும் அதே இதமான குரலில் சொல்லி வைத்தாள். சின்னக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது?

தங்கப் புத்தகத்தின் முதல் கதையில், தூர தேசத்திலிருக்கும் மகனுக்காக ஒரு தாய் கூடுதலாக ஒரு தட்டு வைக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அழைப்பு மணி அடிக்கிறது. மகன் நிற்கிறான். படித்து முடித்தாள். டீச்சரம்மா கைக்குட்டையை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அன்று சூப் பாதிக்குப் பாதி திரும்பி வந்தது.

அந்தக் கதையில் அதிகமாக மாட்டிக்கொண்டவர் அதே மாடியில் இருந்த ஓய்வு பெற்ற தபால்காரர்தான். மறுநாளே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார். போட்டுக்கொண்டு, வாசல் தெரிகிற ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். மகன் போனில் முயற்சி பண்றேன்ப்பா என்று சொல்லியிருந்தான். முன்பெல்லாம் அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். இப்போது அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் தொங்கினார். சாப்பாடு குறைந்தது. இருபத்து மூன்றாம் தேதி ரத்த அழுத்த மாத்திரையையும் தள்ளிவிட்டார், பையன் வந்ததும் போட்டுக்கொள்வாராம். மறுநாள் மத்தியானம் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேனேஜரிடம் போய்ச் சொன்னால், நம்பிக்கை நல்லதுதானே என்றாள். நம்பிக்கை! சின்னக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரையை யார் விழுங்குவது?

அன்று நாலு மணிக்கு அவள் துணி அலமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்தாள். கதவைச் சாத்தவில்லை. ஒளிந்து செய்ய உடம்பில் தெம்பு இல்லை.

கிணற்றில் விழுந்து செத்த ஒருவன் வருடா வருடம் கிறிஸ்துமஸ் மாலை வீட்டுக்கு வந்து தன் நாற்காலியில் உட்காருகிற கதை. யாரும் அவனுக்குத் தட்டு வைப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். பாதிக் கதையில் நிமிர்ந்து பார்த்தால் கதவருகே மேனேஜர்.  வாடகை வீடு, வீங்கின கால், கையெழுத்தாகாத தாள் எல்லாம் ஒன்றாக வந்து போயின. தபால்காரரைப் பார்த்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் தொடர்ந்து படித்தாள், கடைசி வரி வரை.

புத்தகத்தை மூடினாள். பிறகு தபால்காரர் தொண்டையைச் செருமினார்.

"பேயாவது சொன்ன தேதிக்கு வருது."

முதலில் சிரித்தது டீச்சரம்மா. அப்புறம் வரிசையாக எல்லோரும், இருமல் வருகிற அளவுக்கு. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். சின்னக்கா மாத்திரையை வைத்தாள். விழுங்கினார்.

மேனேஜர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். சின்னக்கா எதற்கும் தயாராகத்தான் போனாள். அந்தப் பெண்ணோ சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி. முகம் வெளுத்திருந்தது.

"அவர் பையன் போன் பண்ணினார், சின்னக்கா. டிக்கெட்டே போடலையாம். அதைச் சொல்லத்தான் வந்தேன், வாசல்லயே நின்னுட்டேன். நீங்க சொல்லிடறீங்களா?"

"போன் உங்களுக்குத்தானே வந்தது. நீங்களே சொல்லிடுங்க மேடம்," என்றாள் சின்னக்கா. ஒப்பந்தத் தாளை நினைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

மேனேஜர் உள்ளே போய் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததை மூன்று தடவை ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சரி என்றார். அவள் கையில் இரண்டு தட்டு தட்டிக்கொடுத்தார், ஏதோ நஷ்டம் அவளுக்குத்தான் என்கிற மாதிரி. வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டார். ஸ்வெட்டரை மாட்டச் சின்னக்கா உதவினாள். கழுத்துவழியே தலை வெளியே வந்ததும் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் புத்தகத்துல இன்னும் எத்தனை கதை பாக்கி?"

எண்ணிப் பார்த்தாள். "ஏழு."

"போதும். மாசக் கடைசி வரைக்கும் யாராவது வந்துட்டிருப்பாங்க."