நாற்பத்தோராயிரம் பேர், ஒரே வரி

எங்கள் அண்ணி ரத்த வங்கியில் பதினாறு வருஷமாகத் தட்டச்சு வேலை பார்த்தவர். கொடையாளர்களின் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் கணினிக்குள் போகும். ஒரு எழுத்து பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் ஆபீசில் அவருக்கு 'ஊசிக்கண்' என்று பட்டப்பெயர். பெரிய படிப்பு படிக்கவில்லையே என்ற குறை மட்டும் அவருக்கு உண்டு.

போன வருஷம் இன்னொரு ரத்த வங்கியை இதோடு இணைத்தார்கள். அவர்களுடைய கொடையாளர் விவரம் மொத்தமும், ஒவ்வொரு விவரத்தையும் திறக்கும் குறிக்கும் மூடும் குறிக்கும் நடுவே வைக்கும் ஒரு எக்ஸ்எம்எல் பைலாக வந்தது. நாற்பத்தோராயிரம் பேர். ஆனால் எங்கேயும் வரி மடங்காமல், தலை முதல் வால் வரை ஒரே வரி. டேட்டா ஏற்றும் மென்பொருளோ ஒரு வரியை ஒரு ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். அத்தனை பேரையும் ஒரே ஆளாக விழுங்கப் பார்த்து, பாதியில் திணறி நின்றுவிட்டது.

தனியாக புரோகிராம் எழுத இன்ஜினியர் மூன்று வாரம் கேட்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணி மெதுவாகச் சொன்னார்:

"சார், ஒவ்வொருத்தர் விவரம் முடியற இடத்துலயும் ஒரே மாதிரி மூடுற குறி வருது. முதல்ல அந்தக் குறிக்குப் பின்னாடி வரியை உடைக்கச் சொல்லுவோம். அப்புறம் வரி வரியா படிக்கச் சொல்லலாமே."

அதற்கான வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. மதியத்துக்குள் ஆளுக்கொரு வரியாகப் பட்டியல் இறங்கியது. இன்ஜினியர் எழுந்து கை கொடுத்தார். அண்ணி எண்ணிக்கையைப் பார்த்தார். பைலின் தொடக்கத்தில் சொல்லியிருந்த ஆள் கணக்கைவிட மூன்று வரி குறைவு.

"நாப்பதாயிரத்துல மூணுதானேம்மா, விடுங்க" என்றார் மேலாளர்.

"நாளைக்கு ஒருத்தர் உயிருக்குப் போராடும்போது, அந்த மூணு பேர்ல ஒருத்தரைத்தான் நாம தேடுவோம் சார். ஒரு நாள் குடுங்க."

மறுநாள் பிடித்துவிட்டார். மூன்று இடங்களில் மூடும் குறிக்குள் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தது. அதனால் அங்கே வரி உடையாமல், அந்த மூவரும் அடுத்த ஆளோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இடைவெளி இருந்தாலும் உடைக்கும்படி மாற்றியதும் கணக்கு நேரானது.

அடுத்த மாதமே அண்ணியை டேட்டா பிரிவுக்கு மாற்றினார்கள். உத்தரவுக் கடிதத்தை வீட்டில் அவர் இரண்டு தரம் படித்தார்; மூன்றாம் தரம் எங்களுக்காகச் சத்தமாக. கண் கலங்கியதை மறைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டும் என் அண்ணன் அதிகம் பேசாத ஆள். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். ஆனால் மருத்துவமனை வாசலில் கேட்டுப் பாருங்கள். தன் மனைவி டேட்டா பிரிவில் இருப்பதை, கேட்காதவர்களிடமும் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.