வியாழக்கிழமை தெற்கே போன வண்டி

1. வழி கேட்கும் பிள்ளைகளுக்கு

நாகப்பட்டினம் கப்பலுக்கு என் வண்டியில் ஏறியவர்களில் ஒருவர்கூடக் கப்பலைத் தவறவிட்டதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, வராததை முயற்சி செய்யும் வயதும் தாண்டிவிட்டது.

சிராங்கூன் ரோட்டில், தேக்கா பக்கம், காரைக்காலிலிருந்து வந்த மரைக்காயர் ஒருவர் குதிரை லாயம் வைத்திருந்தார். அங்கே நான் வண்டி ஓட்டினேன். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் சவரிமுத்து. தேக்காவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, 'கப்பல் சவரி' என்றால் மாடு மேய்ப்பவன்கூட வந்து வீட்டைக் காட்டுவான்.

இப்போது மோட்டார் ஓட்டும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "கப்பல் நிற்கும் தஞ்சோங் பகார் டாக்குக்கு எது நல்ல வழி?" என்று கேட்கிறார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு வழி நேர்வழி. ஆனால் சீனர்களின் சாவு ஊர்வலம் வந்துவிட்டால் மேளமும் கொடியுமாக அது நகரும் வரை நாமும் நகர முடியாது. கடலோரமாக ராபின்சன் ரோடு, ஆன்சன் ரோடு என்று போனால் ரோடு அகலம்தான், ஆனால் மழைக்காலத்தில் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூ பிரிட்ஜ் ரோடு சுற்று, மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகும். இவ்வளவும் எல்லா வண்டிக்காரனுக்கும் தெரியும். இது தெரிந்தவனெல்லாம் வழி தெரிந்தவன் ஆகிவிட மாட்டான்.

வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாகூர்ப் பக்கத்து ராவுத்தர்கள் தெலுக் ஆயர் தர்காவில் இறங்கிப் பாத்திஹா ஓதாமல் கப்பல் ஏற மாட்டார்கள். அவர்களை ஆன்சன் ரோடு வழியாகக் கொண்டுபோய் டாக்கில் இறக்கினால் உங்களுக்கு வசவுதான் கிடைக்கும். எங்கள் வேதக்காரர்கள் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தியாக வேண்டும். மரைக்காயரே சஃபர் மாதக் கடைசிப் புதனான ஒடுக்கத்துப் புதன் அன்று எந்த வண்டியையும் கடல் பக்கம் அனுப்ப மாட்டார். "அவனவனுக்கு அவனவன் பயம்டா, சவரி" என்பார். நான் சிரிப்பேன். செல்லம்மா அண்ணியை ஏற்றிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

2. கப்பல் முந்திவிட்டது

டிராம் ஓட ஆரம்பித்த புதிது. எங்கள் லாயத்துக்குப் பின்னால் பஃபலோ ரோட்டில் கோவிந்தசாமி என்பவர் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தார். நான் அவரைக் கோவிந்தண்ணே என்றும் அவர் மனைவி செல்லம்மாவை அண்ணி என்றும் கூப்பிடுவேன். சம்பளம் வராத நாளிலும் எனக்குப் பால் ஊற்றிய வீடு அது.

அந்த வருஷம் அண்ணனுக்கு பெரிபெரி வந்தது. இரண்டு காலும் வாழைத்தண்டு மாதிரி வீங்கிவிட்டன. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரி டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "ஊருக்குக் கொண்டுபோங்க. சாப்பாடு மாறணும், இடம் மாறணும். வீக்கம் நெஞ்சுக்கு ஏறிட்டா என் கையில ஒண்ணுமில்லை."

வெள்ளிக்கிழமை கப்பல் என்று ஏற்பாடாகி இருந்தது. வியாழக்கிழமை காலை மரைக்காயர் மூச்சிரைக்க லாயத்துக்கு வந்தார்.

"சவரி! கப்பல் ஒரு நாள் முந்தி வந்துருச்சு. இன்னிக்கு உச்சிப் பொழுதுக்குக் கெளம்புதாம். போய்க் கோவிந்தசாமிய ஏத்துடா. இதை விட்டா அடுத்த கப்பல் ரெண்டு வாரம் ஆவும். அதுவரைக்கும் அந்த ஆளு தாங்க மாட்டான்."

வண்டியைப் பூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். மூட்டைகள் தயாராக இருந்தன. அண்ணி மட்டும் வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"இன்னிக்கு வியாழக்கிழமை, தம்பி. தெக்கே சூலம். நான் வர மாட்டேன், அவரையும் விட மாட்டேன்."

வியாழனன்று தெற்குத் திசையில் சிவனின் சூலாயுதம் நிற்கிறது, அதற்கு எதிரே பயணம் புறப்படக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. தேக்காவிலிருந்து டாக் நேர் தெற்கே.

"எண்ணெய் தொட்டு வாயில வச்சுக்கிட்டுப் போனா தோஷம் இல்லைன்னு நீங்கதானே அண்ணி சொல்வீங்க?"

"எந் தம்பி டெலித் தோட்டத்து வேலைக்குக் கப்பல் ஏறினப்ப அப்படித்தான் போனான். வியாழக்கிழமைதான். உள்ளங்கையில எண்ணெய ஊத்தி நான்தான் நக்கச் சொன்னேன். போனவன் போனவன்தான். பொணம்கூட வரலை." அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவ என் கையால அதைச் செய்ய மாட்டேன்."

பின்னால் வந்து நின்ற மரைக்காயருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தாம்மா, நீ வரலைன்னா கெட. ஆளை மட்டும் தூக்கி வண்டில போடுடா, சவரி" என்றார்.

நான் தூக்கவில்லை. அந்த அம்மாளைவிட அவர் உயிர்மேல் யாருக்கு அக்கறை? தூக்கிக்கொண்டு போனால் அண்ணன் கப்பலில் பாதி வழிகூடத் தாங்கமாட்டார் என்றும் தோன்றியது. அவருக்குக் கஞ்சி ஊட்டுவதிலிருந்து முகம் துடைப்பது வரை எல்லாம் அண்ணிதான்.

"அண்ணி, சூலம் எதுக்கு? போற வழி பூராவுக்குமா, பொறப்படறதுக்கு மட்டுமா?" என்று கேட்டேன்.

அண்ணி யோசித்தார். "பொறப்படறதுக்குத்தான். ஆனா வழியில இறங்கினாலோ, காலை நீட்டி உக்காந்துட்டாலோ அந்தப் பயணம் முடிஞ்சுது. திரும்ப எந்திரிச்சா அது புதுப் பயணம்."

"அப்ப நாம வடக்கே பொறப்படுவோம். வண்டிய வடக்கே திருப்பி நிறுத்துறேன். நடுவுல உங்க ரெண்டு பேரையும் மண்ணுல கால் வைக்க விட மாட்டேன். இது கப்பல் சவரி வாக்கு."

மரைக்காயர் தலையில் அடித்துக்கொண்டார். "டாக்குக்குப் போக வடக்கே போறானாம்! உன்னை வச்சுக்கிட்டு நான் லாயம் நடத்துறேன் பாரு!"

அண்ணி வாசற்படியை விட்டு நகர்ந்தார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

3. சுற்றி வளைத்த வழி

சிராங்கூன் ரோட்டில் வடக்கே ஓட்டினேன். தெரிந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். லாவண்டர் ஸ்திரீட்டில் திரும்பினேன். காய்கறித் தோட்டங்களுக்குப் போடும் எருவின் நாற்றத்தில் அண்ணன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பேருதான் லாவண்டர்" என்றார். அன்று காலையில் அவர் பேசிய முதல் பேச்சு அது. அங்கிருந்து பீச் ரோட்டைப் பிடித்தேன்.

என் மட்டக்குதிரைக்கு முத்து என்று பெயர். பர்மாக் குதிரை, கோபக்காரன், ஆனால் நல்ல ஓட்டக்காரன். அவனை ஓடவிட்டேன். சுற்றியதில் போன நேரத்தைக் கடற்கரை ரோட்டிலேயே பிடித்துவிட்டேன். ஆற்றைத் தாண்டினால் டாக், கவலையில்லை என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டபோது டிராம் வந்தது.

எல்ஜின் பாலத்துக்கு இந்தப் பக்கம், பின்னாலிருந்து மணியடித்துக்கொண்டு வந்தது. முத்து மிரண்டு குறுக்கே பாய்ந்ததில் வண்டி ஒரு கல்தூணில் மோதி ஏர்க்கால் பிளந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்த வண்டி இனி நகராது.

சோறு கண்ட இடத்தில் காக்கை கூடுவது மாதிரி ரிக்‌ஷாக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். அண்ணி உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். இறங்கினால் புதுப் பயணம். எதிரே பாலம், பாலம் போவது தெற்கே.

பாலத்தடியில் பாவ்யான் தீவுக்காரர் ஒருவர் வண்டியோடு சவாரிக்கு நின்றார். அமாட் என்று பெயர், என்னோடு லாடம் அடிக்க ஒரே கொல்லனிடம் வருபவர். வண்டி மாறுவதே புறப்பாடாகிவிட்டால்கூட அது தெற்கே ஆகக் கூடாது. ஓடிப்போய் மலாயில் சொன்னேன். அவர் வண்டியை என் வண்டியோடு ஒட்டி நிறுத்த வேண்டும், குதிரை மேற்கே பார்த்து நிற்க வேண்டும், பாலத்தில் ஏறாமல் ஆற்றோரமாகவே மேற்கே போய்க் கோல்மன் பாலத்தில் கடக்க வேண்டும்.

"அது சுத்து ஆச்சே, முத்து. ஏன்?" என்றார் அமாட். நான் ஓட்டும் குதிரையின் பெயரைத்தான் என் பெயர் என்று அவர் வெகுநாளாக நினைத்திருந்தார்.

"அந்த அம்மாவுக்குத் தெற்கே பயம்."

அமாட் வேறு எதுவும் கேட்கவில்லை. "போலே லா" என்று சம்மதித்து வண்டியைத் திருப்பினார். அவர் தாயாரும் ஏதாவது ஒரு திசைக்குப் பயந்தவராக இருக்க வேண்டும். இரண்டு வண்டிப் படிகளும் உரசி நின்றன. அண்ணனைத் தோளில் தாங்கி மண்ணில் கால் படாமல் மாற்றினோம். அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாவில் தாவினார். போலீஸ்காரர் ஒருவர் எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

முத்துவை அங்கே நின்ற தமிழ்க் கட்டைவண்டிக்காரர் ஒருவரிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் அமாட் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஆற்றோரம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே மேற்கே போய், கோல்மன் பாலம் தாண்டி, நியூ பிரிட்ஜ் ரோட்டில் இறங்கினோம். "எரும! ஒதுங்கு!" என்று நான் தமிழில் கத்த, அமாட் மலாயில் கத்த, மாட்டு வண்டிகள் விலகின. தஞ்சோங் பகார் ரோட்டுக்குள் நுழையும்போது கப்பல் முதல் முறை ஊதியது.

4. கடைசிப் பத்தடி

டாக்கில் கப்பல் எந்தப் பக்கம் நிற்கும் என்று வழியிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அங்கே கப்பல், துறை மேடைக்குத் தெற்கே நிற்கும். நேரே ஏணிக்கு எதிரில் வண்டியை விட்டால் இறங்கியதும் தெற்கே நடக்க வேண்டும். அதனால் கிழக்குக் கோடியில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி, மேடையோரமாக மேற்கே நடந்து, நிற்காமல் ஏணியில் திரும்பி ஏறிவிட வேண்டும். இதை நினைத்து எனக்கு என்மேல் அப்படி ஒரு திருப்தி!

மூட்டைகள் கூலிகளோடு முன்னே போயின. அண்ணன் என் தோளிலும் அண்ணி தோளிலும் கை போட்டு நடந்தார். ஏணிக்கு நேராகத் திரும்பி, இன்னும் பத்தடி இருக்கும்போது அவர் கால் மடங்கியது. கயிறு கட்டும் இரும்புக் குத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கப்பல் இரண்டாம் முறை ஊதியது. மேலே ஏணியைத் தூக்க ஆள்கள் வந்து நின்றார்கள்.

உட்கார்ந்தவர் எழுந்தால் புதுப் பயணம், ஏணி நேர் தெற்கே. இனித் திருப்பி நிறுத்த வண்டி இல்லை. அவரைச் சுற்றி நடக்க வைக்க அவர் காலில் பலமும் இல்லை. வாக்குக் கொடுத்த கப்பல் சவரிக்கு வழி தீர்ந்துவிட்டது.

அண்ணன்தான் பேசினார். "செல்லம், சூலம் எனக்குத்தானே? நான் பாத்துக்கறேன். நீ இங்கேயே நில்லு. சவரி, என்னைத் தூக்கிவிடு."

அண்ணி அவரைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். பிறகு தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டார்.

"நீங்க முன்னாடி போகக் கூடாது. நான் போறேன். நிக்கிற சூலம் மொதல்ல என் நெஞ்சுல ஏறட்டும். அதுக்கப்புறம் உங்களைத் தொடறதுக்கு அதுல கூர் இருக்காது. என் பின்னாடியே வாங்க. தம்பி, அவரைப் பிடிச்சுக்க."

சொல்லிவிட்டுத் தெற்கே பார்த்து நடந்தார். நெஞ்சை நிமிர்த்தி, கையை இரண்டு பக்கமும் விரித்து, பின்னால் வருபவரை மறைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அவர் நிஜமாகவே ஒரு சூலத்தின் முனைக்கு எதிரே ஏறிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நான் அண்ணனைத் தாங்கிக்கொண்டு அந்த முதுகைப் பார்த்தபடி ஏறினேன். அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மேலே போனதும் அண்ணி தன் நெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலை" என்றார், தனக்கே சொல்வதுபோல. என்னை இறங்கச் சொல்லிக் கப்பல்காரர் விரட்டினார்.

5. கற்றது

கோவிந்தண்ணன் பிழைத்துக்கொண்டார். ஊருக்குப் போய்விட்டு வந்த பால்காரர்கள் அவரை வயல் வரப்பில் கைத்தடி இல்லாமல் நடக்கக் கண்டதாகச் சொன்னார்கள். உடைந்த ஏர்க்காலுக்காக மரைக்காயர் என்னை ஒரு வாரம் திட்டினார். ஆனால் பிறகு லாயத்துக்கு வருபவர்களிடமெல்லாம், "டாக்குக்கு வடக்கே போயும் கப்பல் புடிச்சவன் எங்க ஆளுதான்" என்று அவரே பெருமையடித்துக்கொண்டார்.

பிள்ளைகளே, உங்கள் மோட்டாரில் ஏறுகிறவர் பெட்டியோடு தன் பயத்தையும் எடுத்துக்கொண்டுதான் வருவார். அதை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதையும் சேர்த்து ஏற்றி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். நான் அதைச் செய்தேன், நன்றாகவே செய்தேன்.

ஆனால் வண்டி போகும் வரைதான் வண்டிக்காரனின் வழி. அதற்கு அப்பால் இருந்த பத்தடிக்கு என்னிடம் வழி இல்லை. செல்லம்மா அண்ணி அந்தப் பத்தடியைத் தன் நெஞ்சைக் கொடுத்துக் கடந்தார். அப்படிப்பட்ட ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போனவன் நான்.