எட்டடிப் பலகையில் அப்பா

எங்கள் வடிவமைப்புக் கல்லூரியில் கைப்பிடி மேடம் என்று ஒருவர் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு சூட்கேஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதிலும் அவருக்குக் கொடுக்கப்பட்டது கைப்பிடி மட்டும்தான். பெட்டிக்கு வேறு ஆள், சக்கரத்துக்கு வேறு ஆள், ஜிப்புக்கு இன்னொரு ஆள். "பன்னெண்டு வருஷம் ஒரே கைப்பிடியைப் பிடிச்சுட்டு எப்படி மேடம் இருந்தீங்க?" என்று வந்த புதிதில் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "நான் பிடிக்கல மாஸ்டர். பிடிக்கிறவங்க யாருன்னு யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார். இந்த அம்மாளிடம் கொஞ்சம் தள்ளியே இருப்பது நல்லது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் பட்டறைப் பொறுப்பாளன். மரமோ பிளாஸ்டிக்கோ தகரமோ, மாணவர்கள் வரைந்து கொண்டுவருவதை மாதிரியாகச் செய்து கொடுப்பது என் வேலை. மேடம் வந்த பிறகு வரைந்து கொண்டுவருவது நின்றுபோய், எழுதிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

அவர் எடுப்பது கதை வகுப்பு. ஒரு நாற்காலி செய்வதென்றால் அதில் உட்காரப் போகிற ஒரே ஒரு ஆளைப் பற்றி முதலில் முழுக்கதை எழுத வேண்டும். அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்காருகிறார், எழுந்திருக்கும்போது எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், எல்லாம். இரண்டு வாரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போடக் கூடாது. எழுதி முடித்த கதையைத் தாழ்வாரச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். போகிற வருகிறவர்கள் அதன் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் கேள்வி எழுதலாம். நான் என் பங்குக்கு எல்லாக் கதையிலும் "நீளம்? அகலம்? உயரம்?" என்று எழுதிவிட்டு வருவேன். ஒரு தடவை ஒரு பையன் குடை ஸ்டாண்டுக்குப் பதினோரு பக்கக் கதையோடு வந்தான். உயரம் எவ்வளவு என்று கேட்டால், குடைக்காரரைச் சின்ன வயதில் நாய் கடித்த விவரத்தைச் சொல்கிறான்.

மேடத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. கதையில் வருகிற ஆளை உண்மையான ஆளைப் பார்த்து எழுதலாம், ஆனால் எழுதியதை அவரிடம் காட்டக் கூடாது. "காட்டினா எல்லாரும் தன்னை நல்லவங்களா மாத்தச் சொல்வாங்க. அப்புறம் கதை செத்துப்போகும்" என்பார். எனக்கு இது திருட்டுத்தனமாகப் பட்டது. சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருடம் துறைத்தலைவர் கதை வகுப்பில் கை வைத்தார். அவர் நல்ல மனிதர்தான், கம்ப்யூட்டரில் ஓடாத எதையும் பார்த்தால் மட்டும் அவருக்குக் கை பரபரக்கும். கதையை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மென்பொருள் சொல்லித்தரலாம் என்றார். மேடம் விடவில்லை. மூன்று நாள் அவர் தலையைத் தின்று ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். மருத்துவமனைகளுக்குச் சாமான் செய்யும் ஒரு கம்பெனி எங்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தது. கதை வகுப்பில் உருவாகும் பொருளை அந்தக் கம்பெனி ஏற்றுக்கொண்டால் வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் போகும்.

என்ன பொருள் என்றால், படுத்த படுக்கையாக இருக்கும் ஆண்கள் ஒன்றுக்குப் போகிற பாட்டில்.

வகுப்பில் முதல் வாரம் முழுக்கச் சிரிப்பு. இரண்டாவது வாரம் எல்லாரும் சேர்ந்து அழுகை. வந்த கதைகளில் பாதி ஆட்கள் போர் வீரர்கள், மீதிப் பேர் கடைசிப் பக்கத்தில் செத்துப்போனார்கள். செத்தவனுக்கு எதற்குப் பாட்டில் என்று சிவப்புப் பேனாவால் எழுதினேன். மேடம் மோவாயில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தானே ஒரு கதை எழுதிக் கொண்டுவந்தார். மாணவர்களுக்காக அவர் கதை எழுதியது அதுதான் முதல் தடவை.

அதில் வருகிறவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து நான்கு, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். மகள் காலையில் கட்டிலருகே ஜக்கு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். பதினொரு மணிக்கு ஓடிவந்து பார்த்தால் ஜக்கு வைத்தபடியே இருக்கிறது. கட்டில் கம்பியில் மாட்டிய பாட்டிலும் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் குடித்தால் பாட்டில் வேண்டும், பாட்டிலைக் காலி செய்ய மகள் வேண்டும்; வெட்கம் தாங்காமல் மனிதர் தாகத்தோடு படுத்திருக்கிறார். அவ்வளவுதான் கதை. படித்த அன்று நீளம் அகலம் கேட்கத் தோன்றவில்லை. சிவப்புப் பேனாவைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

மேடத்தின் வீடு கல்லூரியிலிருந்து பத்து நிமிட நடை. தினமும் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவர் பையைக்கூட எடுக்காமல் ஓடுவது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் சரிப்படாமல் திரும்பி வந்தவர். வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும்தான். "அப்பாவா மேடம்?" என்று கேட்டேன். "கற்பனை" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மாணவர்கள் அந்தக் கதையை விழுந்து விழுந்து படித்தார்கள். வெட்கப்படுகிறவருக்குப் பார்த்தால் தெரியாத பாட்டில் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிளாஸ்க் மாதிரி ஒரு உருவம், அதற்குத் துணி உறை, குறுகிய வாய், திருகு மூடி. நான்தான் மாதிரி செய்து கொடுத்தேன். அழகாகவே வந்தது, அதைப் பொய் சொல்ல முடியாது. துறைத்தலைவர் அதைவிட ஒரு படி மேலே போனார். கம்பெனி ஆட்கள் பார்வையிட வரும் நாளுக்காக மேடத்தின் கதையை எட்டடிப் பலகையில் பெரிய எழுத்தில் அச்சடித்து, கூடத்தில் நடுநாயகமாக வைக்கச் சொன்னார். வைத்தவன் நான். எட்டு ஸ்க்ரூ.

பார்வையிடும் நாளில் குடும்பத்தினரும் வரலாம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு மேடம் பட்டறைக்கு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாஸ்டர், அந்தப் பலகையைக் கழட்டிடுங்க. அப்பா வர்றார்."

"கற்பனைன்னு சொன்னீங்களே?"

"இப்ப உங்ககூடச் சண்டை போட எனக்கு நேரமில்ல. அவர் அதைப் படிச்சார்னா அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டார். அவர் வெட்கத்தைக் கூடத்துல மாட்டி வெச்சிருக்கேன் மாஸ்டர்."

எட்டு மாதமாகப் படுக்கையில் இருப்பவர், சக்கர நாற்காலி வந்ததும் மகள் தினமும் எங்கே ஓடுகிறாள் என்று பார்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். நிற்க முடியாதவர் எப்படி ஒற்றைக்காலில் நின்றார் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு டிரில்லை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு நன்றாக வேலை செய்யத் தெரியும் என்பதற்காக அன்று முதல் தடவையாக வருத்தப்பட்டேன். ஐந்தாவது ஸ்க்ரூவில் இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அதை ஏன்பா கழட்டுற? நான் இன்னும் படிச்சு முடிக்கல."

பக்கத்து வீட்டுப் பையன் தள்ளிவந்த சக்கர நாற்காலியில் மேடத்தின் அப்பா, பெரியவர், உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருடம் ஓடுகிற ரயிலில் டிக்கெட் கேட்ட குரல். கூடம் முழுக்கக் கேட்டது. மாணவர்கள் கூடிவிட்டார்கள். துறைத்தலைவர் கம்பெனிக்கார அம்மாளைக் கூட்டிக்கொண்டு சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார். மேடம் தூணோரமாக நின்றார். கழற்றிய ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நானும் பேந்தப் பேந்த விழித்தேன்.

"யார் எழுதினது?"

மாணவர்கள் எழுதியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மேடம் முன்னால் வந்தார். "நான்தான்பா."

"வெட்கமா? எனக்கா?" பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏண்டி, பாட்டில் காஞ்சு கிடந்தா நான் போகவே இல்லன்னு அர்த்தமா? கட்டிலுக்கு அடியில நீ சும்மா வாங்கிப் போட்ட அதே மாதிரி இன்னொரு நீல ஜக்கு இருக்கே, அது எதுக்குன்னு நெனச்ச?"

மாணவர்கள் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜன்னல்ல நீ வெச்ச செடி மூணும் வரிசையா பட்டுப்போச்சு. மண்ணை மாத்தின, உரம் வாங்கிப் போட்ட. ஒரு நாளாவது என்னைக் கேட்டியா?"

முதலில் சிரித்தது கம்பெனிக்கார அம்மாள். அப்புறம் கூடமே வெடித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு ஜக்கையும் நான் ஒண்ணாத்தானே கழுவுவேன்..." என்றார் மெல்லிய குரலில்.

"என் ஜக்கு மூடியில கீறல் போட்டு வெச்சிருந்தேன். ஆனா மூடியை மாத்தி மாத்திப் போட்டது நீதான். அதுக்கு நான் பொறுப்பில்ல."

அந்த ஜக்கிலிருந்து தானும் குடித்த நாட்கள் மேடத்தின் கண் முன்னால் வந்து போனது எல்லாருக்கும் தெரிந்தது. துறைத்தலைவர் நிலைமையைப் பூசி மெழுகப் பார்த்து, பிளாஸ்க் பாட்டிலை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடியைத் திருக ஒரு கை, இதைப் பிடிக்க ஒரு கை, போர்வையைத் தூக்க ஒரு கை. மூணு கை இருக்கிறவனுக்கா செஞ்சீங்க? வாய் வேற இத்துனூண்டு. குறி பார்க்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும்."

கதை வகுப்புக்கு அன்றோடு சமாதி என்று நான் நினைத்தேன். ஆனால் மேடம் நாற்காலியின் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாணவியிடமிருந்து நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எப்படிப் பண்ணுவீங்கப்பா? முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். பெரியவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கட்டை விரலால் மூடியைத் தள்ளுவது, தட்டை அடிப்பாகம் மெத்தையில் சாயாமல் நிற்பது, அகல வாய், மூன்று விரல் நுழைகிற கைப்பிடி, அப்படியே ஜன்னலுக்குத் திரும்பிச் செடியில் கவிழ்ப்பது என்று கையால் நடித்துக் காட்டினார். சில இடங்களில் துறைத்தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டார். கம்பெனிக்கார அம்மாள் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, ஜக்கு மாதிரி ஒன்று செய்து அனுப்புங்கள், வார்டில் வைத்துப் பார்க்கிறோம், கூடவே இந்தப் பெரியவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள் என்றார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார். "ஆனா தண்ணி மட்டும் ஏன் குடிக்காம இருந்தீங்க ஐயா?"

"அது வேற விஷயம்மா" என்று பெரியவர் பலகையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வாரம் வார்டில் இருந்த பிறகு ஜக்கு தேறியது. வகுப்பும் பிழைத்தது. எழுதியதை ஆளிடம் காட்டக் கூடாது என்ற சட்டம் மட்டும் அன்றைக்கே செத்தது. மேடமே முதல் ஆளாகப் புதுக் கதையை எழுதி எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலியின் சக்கரம் கீச்சிட்டது, நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். பெரியவர் ஒவ்வொரு வரியிலும் மூக்கை நுழைத்துத் திருத்தினார். முடித்ததும் மேடம் பேனாவை மூடினார்.

"இதுல ஒரு ஓட்டை இருக்குப்பா. ஜக்கு இருந்தது, செடி இருந்தது, எல்லா வசதியும் இருந்தது. அப்புறம் தண்ணி குடிக்கிறதுக்கு என்ன?"

பெரியவர் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னார். அந்தப் பெரிய குரல் முதல் தடவையாக இறங்கியது.

"காலையில வெப்ப, ஓடுவ. பதினொரு மணிக்கு வருவ, ஜக்கைப் பார்ப்ப. காலியா இருந்தா 'சரிப்பா'ன்னு உடனே கிளம்பிடுவ. ஒரு நாள் மறந்துபோய்க் குடிக்காம விட்டுட்டேன். அன்னிக்குத்தான் பக்கத்துல உட்கார்ந்து டம்ளர்ல ஊத்திக் குடுத்த. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் காலேஜ் கதையெல்லாம் சொன்ன. இந்த மாஸ்டரைத் திட்டின."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கப்புறம் எப்படிம்மா தனியா குடிக்கிறது?" என்றார் பெரியவர். "டம்ளரைக்கூட மெதுவாத்தான் காலி பண்ணுவேன்."

மேடம் அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார். நாற்பத்தாறு வயது, பட்டறை நடுவில், வெட்கமே இல்லாமல். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய் விட்டு முடிந்த சக்கரத்துக்கே திரும்பத் திரும்ப எண்ணெய் விட்டேன். பெரியவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "எழுதிக்கோ, எழுதிக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் எழுதவில்லை.