வாசிக்காமல் படியிறங்காத பெட்டி

ஆர்மோனியப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசமும் வார்னிஷ் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். எனக்கு ஏறிய சங்கீதம் அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருந்த எங்கள் வாத்தியக் கடையில், தலைக்கு மேல் டோலக்குகள் தொங்க, காலடியில் ஜால்ராக்கள் கிடக்க, நடுவில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். எழும்போது மேலே ஒன்றில் முட்டி, கீழே ஒன்றை உதைத்து, அந்தக் கடையில் தினமும் தவறாமல் கச்சேரி செய்தவன் நான் ஒருவனே.

என்னைப் பெற்ற அத்தாவுக்கும் எதுவும் வாசிக்கத் தெரியாது. துருத்தியில் காற்றை நிரப்பி, காதை வைத்துக் கசிவு கேட்கிறதா என்று பார்ப்பார். "காத்து நிக்குது" என்றால் அது நல்ல பெட்டி. ஆனால் கடைக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்: இங்கேயே ஒரு பாட்டாவது வாசிக்கப்படாமல் எந்தப் பெட்டியும் படியிறங்கக் கூடாது. வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவரை அழைத்துக்கொண்டுதான் வரவேண்டும். "ஊமையா வூட்டுக்குப் போச்சின்னா கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கும்" என்பார்.

மாசி பிறந்தால் தெருக்கூத்துக் குழுக்களான "ஜமா"க்கள் பெட்டி வாங்க வரும். ரிஷிவந்தியம் பக்கத்து ஜமாவில் ஏகாம்பரம் என்ற பெட்டிக்காரர், புதுப் பெட்டி என்றால் சம்மணம் போட்டு உட்கார்ந்து விநாயகர் பாட்டில்தான் ஆரம்பிப்பார். அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டி, பாட்டு முடியும்வரை நின்றே கேட்பார். பிறகு எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு அசர் தொழுகைக்குப் போவார். கடைக்கென்று வீட்டிலேயே ஒரு வாசிப்பவன் வேண்டும் என்று என்னை ஏகாம்பரத்தின் முன்னால் உட்கார வைத்தார். என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பையனுக்கு ஜால்ரா குடுங்க பாய். அதுல தப்பு பண்றது கஷ்டம்."

அந்தக் கஷ்டத்தையும் நான் எளிதாகச் செய்தேன்.

நான் பத்தாவது படித்த வருடம் ஏகாம்பரம் கேட்டார் என்பதற்காக அத்தா சென்னைக்கே போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். வேறு யாருக்கும் கொடுக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒருநாள் ஏகாம்பரம் தனியாக வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஜமாவுல கீபோர்டு வாங்கிட்டாங்க பாய். பட்டனைத் தட்டினா தாளமும் அதுவே போட்டுக்குது. நான் சும்மா பக்கத்துல உக்காந்துகினு இருக்கேன்."

எடுக்காவிட்டால் பரவாயில்லை, ஒருமுறை வாசித்துவிட்டாவது போகும்படி அத்தா கேட்டார்.

"எடுத்துக்கினு போவாத பெட்டிய நான் தொடறது சரியில்லீங்க" என்றார் ஏகாம்பரம்.

டீ வந்தது. எங்கள் கடையில் பாட்டில்லாமல் குடித்த முதல் டீ அதுதான்.

பெட்டி அலமாரியிலேயே இருந்தது. பிள்ளைகளோடு வந்த பெற்றோர், யாரிடம் கற்றுக்கொள்வது என்று கேட்ட காலம் போய், "இதுக்கு சர்டிபிகேட்டு குடுப்பாங்களா?" என்று கேட்கும் காலம் வந்தது, பிறகு கேட்கவும் யாரும் வரவில்லை. டோலக்குகள் தொங்கிய கொக்கிகளில் செல்போன் கவர்களை மாட்டியது நான்தான். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், பல் பிடுங்க ஊசி போட்ட வாய் போல இருந்தது. தடவிப் பார்த்தால் ஏதோ இருக்கிறது, என்னுடையதா என்று தெரியவில்லை.

போன மாதம், மலைமேல் கரியாலூரில் விடுதி கட்டியிருக்கும் ஒருவர் வந்து, அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மூலையில் நாற்காலியில் இருந்த அத்தா கேட்டார்: "யாருங்க வாசிக்கிறது?"

"யாரும் இல்ல பாய். சும்மா அழகுக்கு. மேல பூந்தொட்டி வெச்சா நல்லாருக்கும்."

அத்தா என்னைப் பார்த்தார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். முதலில் ஒலித்தது என் முழங்கால். துருத்தியை இழுத்தேன், இத்தனை வருடத்துக்குப் பிறகும் காற்று நின்றது. ஏகாம்பரத்தின் விநாயகர் பாட்டில் ஆரம்பத்துத் துண்டு ஒன்றுதான் நினைவிருந்தது, அதையே தேய்த்தேன். வீடியோ எடுக்க ஆரம்பித்த விடுதிக்காரர் பாதியில் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அத்தா மட்டும் நாற்காலியைப் பிடித்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"போதும்" என்று அவர் சொன்ன பிறகு டீ வந்தது. பெட்டி குட்டியானை வண்டியில் ஏறி மலைக்குப் போனது.

இப்போது அந்த அலமாரியில் சார்ஜர்கள். நேற்று ஒரு கல்லூரிப் பையன் ஹெட்போன் வாங்கினான். "தம்பி, ஒருவாட்டி பாட வெச்சிக் கேட்டுட்டு எடுத்துக்கினு போங்க" என்றார் அத்தா, எதிர் டீக்கடையைப் பார்த்துக் மூன்று விரலைத் தூக்கியபடியே. பையன் காதில் ஏற்கெனவே வேறொன்று மாட்டியிருந்தது, படியிறங்கிப் போய்விட்டான்.

மூன்று டீ வந்தது. ஆளுக்கொன்று குடித்தோம். மூன்றாவது ஆறி ஆடை கட்டிய பிறகு, அதையும் நானே குடித்தேன்.