மெல்லக் கூப்பிட்டாள்

என் அக்காவுக்கு வெண்கலத் தொண்டை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே பக்கத்துத் தறிக்காரியிடம் நூல் அறுந்துவிட்டது என்று சொல்வதற்கே ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்த வேண்டும். அந்தச் சத்தம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. இவள் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும் என்பார் அப்பா. எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் கோபம், பாசம், சாப்பிட வா என்பது எல்லாமே ஒரே உரத்த குரலில்தான்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அத்தானைக் கட்டிக்கொண்டு வேறு தேசத்துக்குப் போனாள். அங்கே ஜனங்கள், தூங்குகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் மாதிரி பேசினார்கள். போன புதிதில் ஒருநாள் என்னோடு போனில் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டிக்கொண்டு போலீஸ் வந்து நின்றது. யாரோ ஒரு பெண்ணை அடிக்கிறார்கள் என்று கீழ்வீட்டில் புகார் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அத்தான் வெங்காயம் நறுக்கிய கத்தியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

“இங்க சத்தமா பேசினா கோவம்னு அர்த்தமாம்டி. நான் வாயைத் திறந்தாலே மிரண்டு போறாங்க.”

அன்று முதல் குரலை அடக்கினாள். பேருந்தில், கடையில், கடைசியில் வீட்டுக்குள்ளும். நாளாக ஆக, “என்னக்கா? காதுல விழல” என்று நான் கேட்க வேண்டிவந்தது. “இப்பதான் மனுஷி மாதிரி பேசுறா” என்றார் அத்தான், பெருமையாக.

ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. கூட இருந்தவள் விரிப்புகளை மடிக்கிற வயதான பெண். அவளும் எங்கிருந்தோ வந்தவள்தான். அக்கா அவளை எங்களிடம் ‘மடிப்பம்மா’ என்பாள். மடிப்பம்மாவின் மொழியில் அதட்டும்போதுகூடக் குரலைத் தாழ்த்துவார்களாம். இருவரும் அந்த ஊர்ப் பாஷையைப் பாதி பாதியாகப் பேசியே நெருக்கமாகிவிட்டார்கள்.

ஒரு மதியம் பின்முற்றத்தில், கீழே விழுந்த துணிமூட்டையை எடுக்க மடிப்பம்மா குனிந்தாள். துணி ஏற்ற வந்த வண்டி பின்னால் நகர்ந்தது. குனிந்திருந்தவளை ஓட்டுநருக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற அக்காவுக்கு இரண்டும் தெரிந்தன.

“கத்தத்தான்டி வாயைத் திறந்தேன்” என்று பின்னால் என்னிடம் சொன்னாள். “‘கொஞ்சம் நகருங்க’ன்னு வந்துச்சு. இந்த ஊர்ப் பாஷையில, இந்த ஊர்க் குரல்ல. எனக்கே கேக்கல.”

வண்டி மோதிய மடிப்பம்மா, ஆஸ்பத்திரியின் பின்முற்றத்திலேயே இறந்துபோனாள்.

துக்கத்துக்குப் போன இடத்தில் மடிப்பம்மாவின் மகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். “நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களாமே. அம்மாவைக் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டேன்.”

“அப்ப கடைசியா உங்க குரலைக் கேட்டிருப்பாங்க. அது போதும் எனக்கு.”

கூப்பிட்டேன் என்றது பொய்யும் இல்லையே என்றாள் அக்கா என்னிடம்.

அத்தான் கூப்பிட்டதால் நான் போய்ச் சில வாரம் கூட இருந்தேன். அக்கா வேலையை விட்டிருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், என் தலையில் எண்ணெய் வைத்தாள், எல்லாம் சத்தமில்லாமல். பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்று எதையோ பார்ப்பாள். கழுத்து நரம்பு புடைக்கும். வாய் அகலத் திறக்கும். காற்றுகூட வராது.

ஒருநாள் வெயிலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். நான் விழுந்த சட்டையை எடுக்கக் குனிந்தேன். என் முதுகுக்குப் பின்னால் “தள்ளு! தள்ளு!” என்று ஒரு குரல் வெடித்தது. பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அத்தான் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

“எதுவும் இடிக்கலையே? உனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று அக்கா என் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

நாங்கள் நின்றிருந்தது மூன்றாவது மாடி பால்கனியில்.

“ஒண்ணும் ஆகலக்கா” என்றேன். “நீ கத்தினது கேட்டுச்சு. தள்ளிப் போயிட்டேன்.”

அவள் என்னை நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஈரத்துணியை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கீழே வெறும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.